கதவுப் பிடி மாற்றப் போகிறீர்களா? திறக்கிற கையைப் பார்த்து வாங்குங்கள்

அக்கராயனிலிருந்து:

வணக்கம் உறவுகளே. வயதானவர்கள் இருக்கிற வீட்டில் அறைக் கதவுக்கு உருண்டைப் பிடி போடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பழையதைக் கழற்றி, கீழே அமத்தித் திறக்கிற நீட்டுப் பிடி போட்ட விதத்தையும் சொல்கிறேன். உங்கள் வீட்டில் நடந்ததைக் கீழே எழுதுங்கள்.

எங்களுடையது போருக்குப் பிறகு இந்திய அரசின் உதவியில் வந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீடு. ஐந்தரை இலட்சம் ரூபாய், கட்டம் கட்டமாக வந்த காசு. அத்திவாரம், சுவர், கூரை எல்லாம் முடிந்து கதவுக்கு வரும்போது மிஞ்சிய காசுக்கு ஏற்ற பூட்டைத்தான் அநேகமானவர்கள் வாங்கினோம். உருண்டைப் பூட்டு மலிவு, போடுவதும் சுலபம். அப்போது அம்மாவின் கை நல்ல கை. இப்போது மூட்டுவாதம் வந்து விரல் மூட்டுகள் வீங்கி, காலைத் தேத்தண்ணியையே இரண்டு கையாலும்தான் பிடிக்கிறார்.

உருண்டைப் பிடி என்றால் விரல்களால் இறுக்கவும் வேண்டும், அதே நேரம் மணிக்கட்டைத் திருப்பவும் வேண்டும். வீங்கிய கைக்கு இரண்டும் சேர்ந்து வராது. அம்மா சேலைத் தலைப்பைப் பிடியில் சுற்றித் திருப்பப் பழகியிருந்தார். நோகிறது என்று ஒருநாளும் வாய் திறக்கவில்லை. பிடி உள்ளே தேய்ந்து சும்மா சுற்றத் தொடங்கி, ஒரு மத்தியானம் அவர் அறைக்குள் அகப்பட்ட பிறகுதான் எங்களுக்கு எல்லாம் தெரியவந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி ஐஸ்கிரீம் பெட்டி மூடியை வெட்டி, கதவுக்கும் நிலைக்கும் இடையில் செருகி, பூட்டின் நாக்கைத் தள்ளித் திறந்துவிட்டான். எங்கள் கதவு அறைக்கு உள்பக்கம் திறப்பது, அதனால் நாக்கின் சரிவு வெளியே நிற்கிறவருக்குத்தான் படும். வெளிப்பக்கம் திறக்கிற கதவென்றால் இது சரிவராது. அதற்கு வெளியே தெரிகிற பிணைச்சலின் (கீலின்) ஆணியைத்தான் தட்டிக் கழற்ற வேண்டும்.

கழற்றுவது நினைத்த அளவுக்குக் கஷ்டமில்லை. உள்பக்கப் பிடியின் கழுத்தில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். மெல்லிய ஆணியால் அதற்குள் அமத்திக்கொண்டு இழுத்தால் பிடி வந்துவிடும். வட்டத் தகட்டை நெம்பி எடுத்தால் இரண்டு நீளத் திருகாணி. அவற்றைக் கழற்றினதும் இரண்டு பக்கமும் பிரியும். கடைசியாகக் கதவின் விளிம்பில் உள்ள நாக்கு.

அளவில்தான் கவனம் வேண்டும். கதவில் உள்ள பெரிய துளை அநேகமாக 54 மில்லிமீற்றர். அதன் நடுவிலிருந்து கதவு விளிம்பு வரை 60 ஆகவும் இருக்கலாம், 70 ஆகவும் இருக்கலாம். இது மாறினால் நாக்கு பொருந்தாது. சில நாக்குகளை இழுத்து இரண்டு அளவுக்கும் வைக்கலாம், கடையிலேயே கேட்டுப் பாருங்கள். இந்த வட்டத் துளைக்கே பொருந்துகிற மாதிரி நீட்டுப் பிடி வைத்த பூட்டும் இருக்கிறது, கதவைப் புதிதாக வெட்டத் தேவையில்லை. நான் பழையதை அப்படியே பையில் போட்டுக்கொண்டு கிளிநொச்சிக்குப் போய், ஏ9 வீதி ஹாட்வெயார் கடை ஒன்றில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்கினேன்.

பிடியின் நுனி கதவுப் பக்கம் வளைந்திருக்க வேண்டும். நேராக நீட்டிக்கொண்டு நின்றால் சேலையும் சட்டைக் கையும் மாட்டும், வயதானவர் விழுந்துவிடுவார். வாங்குமுன் விரல்களை மடக்கி, முஷ்டியால் அமத்திப் பாருங்கள். அப்படித் திறந்தால்தான் நோகிற கைக்கு அது உதவும். அம்மா இப்போது புறங்கையால் திறக்கிறார்.

முல்லைத்தீவு கரையோரத்திலிருந்து:

அக்கா, எங்கள் பக்கம் பிரச்சினை உப்புக் காற்று. வாடை தொடங்கினால் இரும்பு எதுவும் தப்பாது. முன்கதவில் பளபளவென்று வெள்ளி நிறப் பூச்சுப் போட்ட பிடி இருந்தது. முதலில் சின்னச் சின்னக் கொப்புளம் வந்தது, பிறகு பூச்சு உரிந்து, அந்த விளிம்பு மகளின் விரலை வெட்டிவிட்டது. கடைசியில் கழுத்தோடு முறிந்தது. உள்ளே பார்த்தால் சாம்பல் நிறத் துத்தநாகக் கலவை. வார்த்து எடுக்கிற உலோகம், பூச்சுப் போனால் தாங்காது.

கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள் கறைபடாத உருக்கில் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 316 என்ற வகையைக் கேளுங்கள். சாதாரணமாகக் கிடைக்கிற 304 வகையை விட உப்பைத் தாங்கும், ஏனென்றால் அதில் மொலிப்டினம் சேர்ந்திருக்கிறது. பித்தளையும் நல்லது, கறுக்கும், பச்சை பிடிக்கும், ஆனால் துரு தின்னாது. கடைக்குப் போகும்போது ஒரு காந்தம் கொண்டு போங்கள். பலமாக ஒட்டினால் அதைக் கரையோர வீட்டுக்கு வாங்க வேண்டாம். போட்ட பிறகும் நல்ல தண்ணியில் நனைத்த துணியால் அடிக்கடி துடைக்க வேண்டும்.

இன்னொன்று, பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். கொஞ்ச நாளில் பிசுபிசுத்து மணலையும் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும். திறப்பு போடும் துவாரத்துக்கு அதுவும் வேண்டாம், பென்சில் கரியைச் சுரண்டித் தூளாக்கித் திறப்பில் தடவிப் போட்டு எடுங்கள்.

ஒட்டுசுட்டானிலிருந்து:

நான் மரவேலை செய்கிறவன். அக்கராயன் தங்கச்சி எழுதியது சரி. ஆனால் புதுப் பிடி வாங்குமுன் கதவையும் ஒருமுறை பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பிடி உடைந்துவிட்டது என்று கூப்பிடுவார்கள், போய்ப் பார்த்தால் கதவு இறங்கியிருக்கும். மேல் பிணைச்சலின் திருகாணி தளர்ந்து கதவு ஒரு பக்கம் சாய, நாக்கு நிலைத் தகட்டின் கீழ் விளிம்பில் உரசும். திறக்கவில்லை என்று பிடியைப் போட்டு இழுப்பார்கள், அமத்துவார்கள். உள்ளே உள்ள வில் போகும், கழுத்து முறியும். அந்தக் கதவில் எவ்வளவு விலை உயர்ந்த பிடியைப் போட்டாலும் அதுவும் அதே வழியில்தான் போகும்.

கதவைப் பாதி திறந்து, பிடிப் பக்கத்தைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். ஆடினால் முதல் வேலை பிணைச்சல்தான். நாக்கு எங்கே படுகிறது என்று தெரியாவிட்டால் எண்ணெயில் குழைத்த குங்குமத்தை நாக்கில் தடவிக் கதவைச் சாத்துங்கள். நிலைத் தகட்டில் சிவப்பு விழுந்த இடத்தை அரத்தால் கொஞ்சம் ராவிவிட்டால் போதும்.

மழைக்காலத்தில் கதவு இறுகுகிறது என்றால் சீவ வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஈரத்தைக் குடித்து ஊதும். அந்த நேரம் சீவிய கதவுக்கும் நிலைக்கும் நடுவில் சோளகக் காற்று வீசும் வெயில் காலத்தில் விரல் போகும், நாக்கும் பிடிக்காது. மாரி முடிந்து மரம் காயட்டும், பிறகு பார்த்துச் செய்யுங்கள்.

இனித் திருகாணி. எங்கள் பக்கத்துப் பழைய கதவுகள் முதிரை மரம், நிலைகள் பாலை மரம். இரண்டும் இரும்புக்குச் சமம். துளை போடாமல் பித்தளைத் திருகாணியை நேரே ஏற்றினால் பாதியில் தலை முறியும், மிச்சம் உள்ளே நிற்கும், அதை எடுக்கக் கதவைக் கிண்ட வேண்டிவரும். முதலில் மெல்லிய அலகால் துளையுங்கள். அதே அளவு இரும்புத் திருகாணியை ஏற்றி இறக்கி வழி செய்யுங்கள். அப்புறம் பித்தளையில் மெழுகோ சவர்க்காரமோ தடவி ஏற்றினால் அலுங்காமல் போகும். வேம்பு, மகோகனி போன்ற கதவுகளில் வேறு தொல்லை, துளை தேய்ந்து திருகாணி சும்மா சுற்றும். நெருப்புக்குச்சியை மரப்பசையில் தோய்த்து அடைப்பது எல்லாருக்கும் தெரிந்த வழி. அது சின்ன ஆணிக்குச் சரி. நாள் முழுக்க இழுபடுகிற பிடிக்கு, துளையைப் பெருப்பித்து, வைரம் பாய்ந்த மரத்தில் ஆப்புச் சீவிப் பசையோடு அடித்து, அடுத்த நாள் அதில் புதுத் துளை போடுவதுதான் நிற்கும்.

முதிரைக் கதவு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதைப் பிடிக்காகக் கழற்றி எறியாதீர்கள். இன்று ஒரு முதிரைப் பலகை எடுப்பதும், அனுமதிப்பத்திரம் எடுத்து ஏற்றி வருவதும் இலேசில்லை. பிடியை எத்தனை தரமும் மாற்றலாம். அந்த மரம் திரும்ப வராது.

வவுனியாவிலிருந்து:

நான் வாடகை அறையில் இருக்கிறேன். பிடி உடையவில்லை, ஆனால் கீழே தொங்கிக்கொண்டு நிற்கிறது. தூக்கிவிட்டால் திரும்ப விழுகிறது. பூட்டு நன்றாக வேலை செய்கிறது. முழுவதையும் மாற்ற வேண்டுமா? வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லுமுன் தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

ஒட்டுசுட்டானிலிருந்து:

தேவையில்லை தம்பி. பிடியைக் கிடையாக நிறுத்துகிற வில் போய்விட்டது, அவ்வளவுதான். பிடியின் கழுத்துக்குக் கீழே மிகச் சின்னத் திருகாணி ஒன்று மறைந்திருக்கும், அறுகோணத் திறப்பால் தளர்த்தினால் பிடி கழன்றுவிடும். வில் தனியாகக் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பிடிச் சோடி மட்டும் வாங்குங்கள், கதவுக்குள் இருக்கிற பூட்டைத் தொட வேண்டாம். வாங்கும்போது பிடியின் நடுவிலிருந்து திறப்புத் துவாரத்தின் நடு வரை அளந்துகொண்டு போங்கள். 72 மில்லிமீற்றர் உண்டு, 85 உண்டு, வேறு அளவும் உண்டு. இது பிசகினால் தகடு துவாரத்தை மறைத்துவிடும்.

புதுக்குடியிருப்பிலிருந்து:

எனக்கு வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. 2009இல் போனது. அக்கா அம்மாவைப் பற்றி எழுதியதை வாசித்ததும் நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

இருக்கிற ஒரு கையில் தண்ணீர் வாளியோ பிள்ளையோ இருந்தால் கதவைத் திறக்க எனக்குக் கை இல்லை. உருண்டைப் பிடி இருந்த காலத்தில் வாளியைக் கீழே வைத்து, திறந்து, காலால் கதவைத் தடுத்துக்கொண்டு, திரும்பக் குனிந்து தூக்குவேன். நீட்டுப் பிடி போட்ட பிறகு முழங்கையால் ஓர் அமத்தல், கதவு திறந்துவிடும். பார்ப்பவருக்குச் சின்ன விஷயம். எனக்கு ஒரு நாளில் எத்தனையோ முறை வருகிற விஷயம்.

உயரமும் முக்கியம். நிலத்திலிருந்து 90 முதல் 100 சென்ரிமீற்றருக்குள் பிடி இருந்தால் நிற்கிறவருக்கும் எட்டும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் எட்டும். கதவின் உச்சியில் கொண்டி வைக்கிற பழக்கம் எங்கள் பக்கம் நிறைய, அதை எட்ட முடியாதவர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வையுங்கள்.

பொதுக் கட்டடங்களை மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடியதாகக் கட்ட வேண்டும் என்று இலங்கையில் 2006இலேயே ஒழுங்குவிதி வந்துவிட்டது. சாய்தளம் கட்டிவிடுகிறார்கள். சாய்தளத்தில் ஏறிப் போனால் மலசலகூடக் கதவில் உருண்டைப் பிடி. ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் நான் இதைச் சொன்னபோது, சங்கத்துப் பிள்ளைகள் கேட்டுவிட்டு அந்த வாரமே மாற்றினார்கள். சொன்னால் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊர் மண்டபத்திலும் முன்பள்ளியிலும் போய்ப் பாருங்கள், சொல்லுங்கள்.

மல்லாவியிலிருந்து:

பழைய பிடியைக் காப்பாற்றிய கதை இது. 2008இல் போரால் மல்லாவியை விட்டு வெளிக்கிட்டபோது அப்பா வீட்டின் கதவுகளையும் கூரைத் தகரத்தையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் ஏற்றினார்கள். கதவு ஒன்றும் மிஞ்சவில்லை. முன்கதவின் பித்தளைப் பிடிச் சோடி மட்டும் காணி உறுதி இருந்த பைக்குள் கிடந்து தப்பியது. திரும்பி வந்து வீடு கட்டியபோது அதையே புதுக் கதவில் போட்டோம்.

போன வருடம் அது வழுக்கத் தொடங்கியது. மாற்றத்தான் வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள், அப்பாவுக்கு மனம் வரவில்லை. கழற்றிப் பார்த்தால் பிடியில் ஒரு குறையும் இல்லை. இரண்டு பிடியையும் இணைக்கிற சதுரக் கம்பியின் மூலைகள்தான் தேய்ந்து உருண்டிருந்தன. பழைய கம்பி ஓர் அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு, கிட்டத்தட்ட 8 மில்லிமீற்றர். இப்போது கடையில் கிடைக்கிற சதுரக் கம்பியும் 8. வாள் அலகால் அளவுக்கு வெட்டி, நுனியை அரத்தால் ராவி, பழைய குறுக்கு ஆணிக்குத் துளை போட்டுக் கொடுத்தார் வெல்டிங் கடைக்காரர். பிடி இறுக்கமாக நிற்கிறது.

அக்கராயனிலிருந்து:

எழுதிய எல்லாருக்கும் நன்றி. புதுக்குடியிருப்பு அண்ணா, எங்கள் முன்கதவின் கொண்டியும் உச்சியில்தான் இருக்கிறது. அம்மாவுக்கு எட்டாது. இந்தக் கிழமை அதை இறக்குகிறோம்.

ஒட்டுசுட்டான் அண்ணை, உங்களிடம் கேட்க ஒன்று உண்டு. அடுத்து மாற்ற வேண்டியது குளியலறை. அது பிளாஸ்டிக் கதவு, உள்ளே வெறும் கூடு, திருகாணி பிடிக்காமல் பிடி ஆடுகிறது.

ஒட்டுசுட்டானிலிருந்து:

பூட்டு வருகிற இடத்தில் கூட்டுக்குள் மரக்கட்டை ஒன்றைச் செருகுங்கள், திருகாணி அதில் பிடிக்கும். கட்டைக்கு முதலில் வார்னிஷ் பூசிக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் ஈரத்தில் ஊதிக் கதவைப் பிதுக்கும். இரண்டு பக்கத் தகட்டையும் ஊடுருவிப் பூட்டுகிற நீளத் திருகாணி உள்ள பிடியாகப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிறது பிளாஸ்டிக்கில் நிற்காது. குளியலறைப் பூட்டு என்று கேட்டு வாங்குங்கள் தங்கச்சி. வெளிப்பக்கத்தில் சின்ன வெட்டு ஒன்று இருக்கும். அம்மா உள்ளே பூட்டிக்கொண்டு வழுக்கி விழுந்தாலும், ஒரு நாணயத்தை அதில் வைத்துத் திருப்பி வெளியிலிருந்து திறக்கலாம்.