கவினின் கூட்டல் குறியும் கிரேக்க அரசரின் சதுரக் காசும்

கவின்: கீழடி அருங்காட்சியகத்தில் பார்த்த தமிழிங்கிற பழைய தமிழ் எழுத்தில் என் பேரை எழுதியிருக்கேன், படம் பாருங்க. 'க' அப்படியே கூட்டல் குறி!

அம்மாச்சி: அழகா இருக்கு கண்ணு.

மீனா அத்தை: வழக்கொழிந்துபோன எழுத்தை முதலில் எப்படிப் படித்தார்கள்? சொல்லித்தர ஆளே இல்லையே?

ரகு சித்தப்பா: அக்கா, தமிழிக்கு உறவான, அசோகர் கல்வெட்டுகளில் இருக்கும் வடக்குப் பிராமியைத்தான் முதலில் படித்தார்கள். அதற்கு வழிவிட்டது ஒரு வெண்கலக் காசு. இதோ படம்.

கவின்: சதுரமா இருக்கே சித்தப்பா!

ரகு சித்தப்பா: ஆமாம்டா, ஏறக்குறைய ஒரு அங்குலம். வெளியிட்டவர் அகதோக்ளீஸ். கி.மு. 190–180 வாக்கில் பாக்திரியாவை, அதாவது இன்றைய ஆப்கானிஸ்தான் பக்கத்தை ஆண்ட கிரேக்கர். கிரேக்கக் காசு வட்டமாக இருக்கும். இவர் இந்துகுஷ் மலைக்குத் தெற்கே இருந்த மக்களுக்காக, அவர்களுக்குப் பழகிய சதுரத்திலேயே அடித்தார். ஒரு பக்கம் சிறுத்தை, கிரேக்க எழுத்தில் 'பசிலியோஸ் அகதோக்ளியூஸ்'. மறுபக்கம் பிராமியில் 'ராஜனே அகதுக்லேயேச'. இரண்டுமே அரசர் அகதோக்ளீஸுடையது என்றுதான் சொல்கின்றன.

மீனா அத்தை: கையில் பூ வைத்திருக்கும் அந்தப் பெண் யார்? காதணி எவ்வளவு நீளம்!

ரகு சித்தப்பா: லட்சுமி என்று சிலர், கிருஷ்ணரின் தங்கை சுபத்திரை என்று சிலர். எனக்குச் சுபத்திரைதான் பொருத்தமாகப் படுகிறது. ஏனென்றால் இதே அரசரின் வெள்ளிக் காசில் ஒரு பக்கம் சக்கரத்தோடு கிருஷ்ணர், மறுபக்கம் கலப்பையோடு பலராமர். அப்படி ஆறு காசுகள் 1970இல் ஆப்கானிஸ்தானின் ஆய் கானூமில் கிடைத்தன.

மீனா அத்தை: சரி, எழுத்து விஷயத்துக்கு வா.

ரகு சித்தப்பா: கிரேக்கம் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இந்தப் பக்கம் அரசர் பேர் என்றால் அந்தப் பக்கமும் அதே பேர்தானே? 1836இல் கிறிஸ்டியன் லாசன் என்ற நார்வே அறிஞர் அப்படி ஒப்பிட்டுத்தான் சில பிராமி எழுத்துகளை உறுதி செய்தார். மறுவருடமே, கல்கத்தா நாணயச் சாலையில் உலோகம் சோதிக்கும் வேலையில் இருந்த ஜேம்ஸ் பிரின்செப் மிச்சத்தையும் படித்து முடித்தார். அசோகரின் கல்வெட்டுகள் பேசியது அதற்குப் பிறகுதான். இந்தக் காசைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

கவின்: அதில் என் 'க' இருக்கா?

ரகு சித்தப்பா: இருக்கு. 'அகதுக்லேயேச'வில் வரும் 'க்லே'யைத் தேடு. கூட்டல் குறிக்குக் கீழே 'ல' ஒட்டியிருக்கும்.

கவின்: கிடைச்சிருச்சு! வட்டம் போட்டு அனுப்பியிருக்கேன்.

அம்மாச்சி: இருடா, கண்ணாடி போட்டுக்கிட்டு வரேன்.