முதல் துவக்கு: 20 அங்குலக் குழலா, 24 அங்குலமா?

ஸ்காபரோ தீபன்:

எல்லோருக்கும் வணக்கம். கோடையில் துவக்கு உரிமம் கைக்கு வந்தது. வேட்டைப் பயிற்சி வகுப்பையும் முடித்துவிட்டேன். என்னோடு வேலை செய்யும் கனடியர் ஒருவர், நவம்பர் மான் வேட்டைக்குத் தன் குடும்பக் கொட்டிலுக்கு வரச் சொல்லியிருக்கிறார். பாரி சவுண்டுக்கு வடக்கே, முழுக்கக் காடு. சாப்பாடு, படுக்கை எல்லாம் அவர்கள் பொறுப்பு. துவக்கு மட்டும் என்னுடையதாக இருக்க வேண்டுமாம்.

.308 வின்செஸ்டர் என்பது வரை முடிவாகிவிட்டது. அந்தத் தோட்டா எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும் என்று அவர் சொன்னார். சிக்கல் குழலின் நீளத்தில்தான். கடையில் ஒரே மாதிரித் துவக்கு இரண்டு இருந்தன: ஒன்று 20 அங்குலம், மற்றது 24. இரண்டும் போல்ட் துவக்கு (ஒவ்வொரு வெடிக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுவது), விலையும் ஏறத்தாழ ஒன்றுதான். விற்பனையாளர் 24 அங்குலத்தைத்தான் எடுக்கச் சொல்கிறார். நீளக் குழல் குறி தப்பாது, தூரமும் போகும் என்கிறார். என் மச்சானும் அதையே சொல்கிறான். அவன் துவக்கைத் தொட்டதே இல்லை என்பது வேறு விடயம்.

நான் 5 அடி 4 அங்குலம். 24 அங்குலத்தைத் தோளில் வைத்தால் முன்பக்கம் கீழே இழுக்கிறது. குட்டையானதை வாங்கிவிட்டுப் பிறகு கவலைப்பட வேண்டி வருமா? அல்லது இப்போது நீளமானதை வாங்கி, சரிவராவிட்டால் வெட்டிக் குறைக்கலாமா? ஸ்கோப் நிச்சயம் பூட்டுவேன்.

முத்தையன்கட்டான் (சட்பரி):

தம்பி, 20 அங்குலத்தை எடும். காரணம் வேண்டுமென்றால் மேலே வாசியும்.

நீளக் குழல் குறி தப்பாது என்பது ஸ்கோப் இல்லாத காலத்துப் பேச்சு. முன்குறி குழலின் நுனியிலும் பின்குறி கண்ணுக்குக் கிட்டவும் இருக்கும் துவக்கில், இரண்டுக்கும் இடைவெளி கூடக்கூடக் கண் விடும் பிழை குறையும். அந்த அளவில் அது உண்மை. ஸ்கோப் பூட்டிய துவக்கில் அந்தக் கணக்குக்கு வேலையே இல்லை. இன்னும் சொல்லப்போனால், ஒரே தடிப்புள்ள இரண்டு குழல்களில் குட்டையானதுதான் விறைப்பு, அதிர்வும் குறைவு. குறி தப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் சோங்குக்கு (தோளில் வைக்கும் பின்கட்டைக்கு) பின்னால் நிற்பவர்.

எங்கள் வன்னியில் இடியன் (குழல்வாயால் கரிமருந்தை இடித்து நிரப்பும் நாட்டுத் துவக்கு) வைத்திருந்த பெரியவர்களுக்கும் இதே நம்பிக்கை இருந்தது. குழல் எவ்வளவு நீளமோ அவ்வளவு பெருமை. கரிமருந்துக்கு நீளம் உதவியது, மறுக்கவில்லை. ஆனால் .308 தோட்டாவில் இருப்பது 45 கிரெயின் (மருந்தையும் ரவையையும் நிறுக்கும் சிறு எடை அலகு) அளவிலான புகையற்ற மருந்து. அதில் பெரும்பங்கு குழலின் முதல் பகுதியிலேயே எரிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வோர் அங்குலமும் சில்லறை வேகம்தான் தரும்.

எவ்வளவு சில்லறை? தோட்டாப் பெட்டியில் 150 கிரெயின் ரவைக்கு (தோட்டாவின் நுனியிலிருந்து பறந்து போகும் துண்டு) விநாடிக்கு 2820 அடி என்று அச்சிட்டிருப்பார்கள். அது 24 அங்குலச் சோதனைக் குழலில் அளந்த வேகம். .308 இல் ஓர் அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ 20 முதல் 25 அடி வேகம் குறையும். நான்கு அங்குலத்துக்கு 80 முதல் 100 அடி என்று வையும். என்னுடைய 20 அங்குலத் துவக்கை வேகமானி வைத்துச் சுட்டுப் பார்த்தேன், 2730 ஐச் சுற்றித்தான் நின்றது. 24 அங்குலக் குழலிலிருந்து போகும் அதே ரவை, காற்றை வெட்டிக்கொண்டு 30 மீற்றர் போனதும் அந்த வேகத்துக்கு இறங்கிவிடும். ஆக, குட்டைக் குழலால் வரும் நட்டம், மான் 30 மீற்றர் தள்ளி நின்றால் வரும் நட்டம். பாரி சவுண்டுக் காட்டில் பாறை, சேற்றுப்பள்ளம், ஹெம்லொக் மரம் என்று கண்ணை மறிக்க ஆயிரம் இருக்கின்றன. அங்கே 100 மீற்றர் தெளிவாகத் தெரிந்தாலே பெரிய காரியம். நான் சுட்ட மான்களில் பல கல்லெறி தூரத்தில் நின்றவை.

இப்போது அந்தக் கடைக்காரர் சொல்லாத பக்கத்துக்கு வருகிறேன். போல்ட் துவக்கில் குழலுக்குப் பின்னால் இன்னும் 20 அங்குலம் வரை பொறியும் சோங்கும் இருக்கும். ஆக 24 அங்குலக் குழல் என்றால் கையில் 44 அங்குலத் துவக்கு. வாரில் கோத்துத் தோளில் மாட்டி நடந்து பாரும். உம்முடைய உயரத்துக்குக் குழல்வாய் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். பனி விழுந்த காலையில் ஊசியிலை மரங்களுக்குள் குனிந்து போகும்போது, நீர் குனிவீர், துவக்கு குனியாது. கிளையில் குழல் மாட்டும், கிளையிலிருக்கும் பனி முழுவதும் சட்டைக் கழுத்துக்குள் இறங்கும். ஒரு கொட்டு உள்ளே போனால் போதும், அன்றைய வேட்டை ஆசை பாதி அடங்கிவிடும். மரத்தில் கட்டிய பரணில் இருந்தால் இன்னும் மோசம். மான் எப்போதும் நீர் எதிர்பார்க்காத பக்கத்தால்தான் வரும். அந்த ஒடுங்கிய இடத்தில் சத்தமில்லாமல் துவக்கைத் திருப்ப நான்கு அங்குலம் பெரிய வித்தியாசம்.

குழல்வாய்க்கு ஒரு துண்டு மின்சார ஒட்டுநாடா ஒட்டும். பனியும் இலைக்குப்பையும் உள்ளே போகாது. சுடும்போது எடுக்கத் தேவையில்லை. ரவைக்கு முன்னால் தள்ளப்படும் காற்றே அதைக் கிழித்துவிடும், குறியும் மாறாது.

குட்டைக் குழலின் குறையையும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்ட வேண்டாம். சத்தம் கூடும், குழல்வாய் முகத்துக்குக் கிட்ட வருவதால் வெடிப்பின் அடியும் கூடும். ஒன்ராறியோவில் சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை சுடலாம் அல்லவா, அந்தக் கடைசி நிமிடங்களில் குட்டைக் குழலின் தீப்பொறி கண்ணைப் பறிக்கும். ரவை பட்டதா, மான் எந்தப் பக்கம் ஓடியது என்று தெரியாமல் போகலாம். காதுக்கு மின்னணுக் காதுமூடி வாங்கும். மெல்லிய சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும், வெடிச் சத்தத்தை அடக்கும். சருகில் கால் வைக்கும் சத்தம் வெறும் காதைவிட அதில் நன்றாகக் கேட்கும்.

மறுபடி கடைக்குப் போகும்போது குளிர்காலக் கோட்டையும் கையுறையையும் போட்டுக்கொண்டு போம். வெயில்கால உடுப்பில் அளவாக இருக்கும் சோங்கு, கோட்டுப் போட்டதும் அக்குளில் சிக்கும். உள்ளே தோட்டா இல்லை என்று நீரே திறந்து பார்த்த பிறகு, கண்ணை மூடித் தோளுக்குக் கொண்டுவந்து கண்ணைத் திறவும். ஸ்கோப்பில் வட்டம் முழுதாகத் தெரிந்தால் அது உம்முடைய துவக்கு. கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் குழலை விடும், சோங்கு நீளத்தைப் பற்றிக் கேளும். உம்முடைய உயரத்துக்கு அது குழலைவிட முக்கியம்.

மேற்குக்காற்று (லெத்பிரிட்ஜ்):

அண்ணா சொன்னது அவருடைய காட்டுக்கு முழுக்கச் சரி. ஆனால் இதை வாசித்துவிட்டு எங்கள் பக்கத்தில் ஒருவர் 20 அங்குலம் வாங்கிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

தென் அல்பேர்ட்டாவில் குழலை மாட்டிக்கொள்ளக் கிளையே இல்லை. புல்வெளிதான், நாள் முழுவதும் காற்று. ப்ரொங்ஹோர்ன் மான் நம்மை ஒரு கிலோமீற்றர் தூரத்திலேயே பார்த்துவிடும். வயிற்றால் ஊர்ந்து ஊர்ந்து 250 மீற்றருக்கு வந்தால் அது நல்ல நாள். அந்தத் தூரத்தில் 100 அடி வேகம் சில்லறை இல்லை. வேகம் குறைந்தால் காற்று ரவையைக் கூடுதலாக ஒதுக்கும். இன்னொன்று, வேட்டை ரவை உள்ளே விரிவதற்கு ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். பல ரவைகளுக்கு அது 1800 அடி அளவில் இருக்கும். .308 ரவை 350 மீற்றருக்கு முன்னும் பின்னுமாகத்தான் அந்த எல்லையைத் தொடுகிறது. அங்கே நான்கு அங்குலம் பேசும்.

தோட்டாவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என்னுடையது 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம், 24 அங்குலம். .308 ஐவிடப் பெரிய தோட்டாக்கூடு, மெதுவாக எரியும் மருந்து. அதைப் போய் 20 அங்குலக் குழலில் சுட்டால், காசு கொடுத்து வாங்கிய மருந்தில் ஒரு பங்கு குழலுக்கு வெளியே வெளிச்சமாகப் போகும். வேகமோ சாதாரணத் தோட்டாவுக்குக் கிட்ட வந்துவிடும், உதை மட்டும் மேக்னம் உதையாகவே இருக்கும். .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு 26 அங்குலக் குழல்கூட விற்கிறார்கள், அது வீம்புக்கு அல்ல.

தீபனுக்கு .308, காடு, குட்டை உருவம். எனக்கும் 20 தான் தோன்றுகிறது. ஆனால் முன்பாரம் முழுக்கக் குறை என்று நினைக்க வேண்டாம். நின்றபடி சுடும்போது முன்பக்கம் கொஞ்சம் கனத்தால் குழல் அலையாது. இறகு போன்ற குட்டைத் துவக்கு மூச்சு வாங்கும் நேரத்தில் கையில் ஆடும்.

வடகடல் (நோர்வே):

இங்கே கதை வேறு. நோர்வேயில் சத்தமடக்கி சட்டப்படி பூட்டலாம், பெரும்பாலான வேட்டைக்காரர்கள் பூட்டுகிறார்கள். அது முன்னால் ஒரு சாண் நீளுவதால், 18 அல்லது 20 அங்குலக் குழலைத்தான் தேடி வாங்குவார்கள். என்னுடைய .308 உம் அப்படித்தான், எல்க் (கனடாவில் மூஸ் என்பீர்கள்) வேட்டைக்குத் தாராளமாகப் போதும். கனடாவில் சத்தமடக்கி தடை. ஆகவே எங்கள் நாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு 16 அங்குலத்துக்கு இறங்கிவிடாதீர்கள். வெறும் குழலில் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாது.

ஸ்காபரோ தீபன்:

மூவருக்கும் நன்றி. இன்னொரு கடையில் டிக்கா டி3எக்ஸ் லைட் பார்த்தேன், .308 தான், 22.4 அங்குலம் என்று போட்டிருக்கிறது. நடுவில் நிற்கும் அதை எடுத்தால் இரண்டு பக்கமும் சமாளிக்கலாமா? குழலை வெட்டுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

முத்தையன்கட்டான் (சட்பரி):

மேற்குக்காற்றோடு எனக்குச் சண்டை இல்லை. நான் அவருடைய ஊரில் இருந்தால் 24 தான் வாங்குவேன். முன்பாரத்தைப் பற்றி அவர் சொன்னதில் மட்டும் எனக்கு உடன்பாடு குறைவு: காட்டில் சாய மரம் இருக்கிறது தம்பி, நின்றபடி வீரம் காட்டத் தேவையில்லை.

டிக்கா நல்ல துவக்கு, மூன்று கிலோவுக்குக் கிட்டத்தான் இருக்கும், போல்ட் வெண்ணெயாக ஓடும். 22.4 ஐ வைத்துக்கொண்டு எங்கள் காட்டில் தாராளமாக வேட்டையாடலாம். கோட்டுப் போட்டுத் தோளில் வைத்துப் பாரும். அந்த 20 ஐவிட இது உம்மில் நன்றாக உட்கார்ந்தால் இதையே எடும். இரண்டரை அங்குலத்துக்காகப் பொருந்தாத சோங்கைச் சுமக்க வேண்டாம்.

வெட்டும் யோசனையை விடும். சட்டத்தில் இடமில்லை என்பதற்காகச் சொல்லவில்லை, இடம் உண்டு. ஆனால் வெட்டிய பிறகு குழல் 457 மி.மீற்றருக்குக் குறைந்தாலோ, முழுத் துவக்கு 660 மி.மீற்றருக்குக் குறைந்தாலோ அது தடை செய்யப்பட்ட துவக்கு. தொழிற்சாலையிலிருந்தே குட்டையாக வந்த போல்ட் துவக்குக்கு அந்த 457 பொருந்தாது, வெட்டியதற்குத்தான் பொருந்தும். 457 என்பது ஏறத்தாழ 18 அங்குலம். குழலை அளப்பது குழல்வாயிலிருந்து மூடிய போல்ட்டின் முகம் வரை, தோட்டா இருக்கும் அறையும் அதற்குள் அடக்கம். வெளியே தெரிகிற இரும்பை மட்டும் நாடா வைத்து அளப்பவர்கள் கணக்கைப் பிழையாகப் போடுவார்கள். இதற்கு மேல் குழல்வாயின் விளிம்பைத் துவக்குத் தச்சர் கடைச்சல் பொறியில் திரும்பச் சீராக்க வேண்டும். ரவை கடைசியாகத் தொடும் இடம் அது. ஒரு பக்கம் மயிரளவு சரிந்தாலும் ரவை ஒதுங்கும். தச்சர் கூலி போகும், உத்தரவாதம் போகும், விற்கும்போது விலையும் போகும். அந்தக் காசுக்கு நான்கு பெட்டித் தோட்டா வாங்கி, ஒக்டோபருக்குள் சுடுகளத்தில் போய் 100 மீற்றருக்குக் குறியைச் சரிசெய்யும்.