முதுகில் கவட்டைக் கோடு போட்ட சிலந்தி, நல்லதா கெட்டதா?

வாய்க்கால்மேடு:
திருவாரூர் பக்கம். சம்பா நட்டு 40 நாள் ஆகிறது. நேற்று தூரை விலக்கிப் பார்த்தபோது பழுப்புச் சிலந்தி ஒன்று தண்ணீர் மேலேயே ஓடியது. முதுகில் கவட்டை மாதிரி ஒரு கோடு, பின்னால் வெள்ளை உருண்டை ஒட்டியிருந்தது. இன்னொன்று இலையோடு இலையாகக் காலை நீட்டிக் கிடந்தது, கை பட்டபிறகுதான் சிலந்தி என்றே தெரிந்தது. மருந்துக் கடையில் கேட்டால், "பூச்சிதானே, சேர்த்து அடிச்சிடுங்க" என்கிறார்கள். அடிக்கலாமா?

பழைய மண்வெட்டி:
அடிக்காதீங்க தம்பி. முதலாவது ஓநாய்ச் சிலந்தி. அந்த உருண்டை முட்டைப்பை, பொரிந்ததும் குஞ்சுகள் தாய் முதுகில் ஏறிக்கொள்ளும். இது வலை பின்னாது, ஓடித்தான் பிடிக்கும். நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி உட்காரும் அடித்தூரில்தான் இதுவும் திரியும். ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சி வரை தின்றுவிடும். காலை நீட்டிக் கிடந்தது நீள்தாடைச் சிலந்தி. பகலில் அப்படியே கிடக்கும், பொழுது சாய்ந்ததும் வட்ட வலை போடும்.

எனக்கு இது பட்டுத்தான் தெரியும். ஒரு வருஷம் இலைச்சுருட்டுப் புழுவுக்குப் பைரித்ராய்டு மருந்து அடித்தேன். புழு போனது, சிலந்தியும் போனது. புகையான் முட்டை இலையுறைக்குள் இருப்பதால் அதை மருந்து தொடவே இல்லை. பொரித்து வந்த குஞ்சைத் தின்ன வயலில் ஆளில்லை. கதிர் பால் பிடிக்கும்போது வட்டம் வட்டமாகக் காய்ந்தது. வீட்டில் இன்னமும் சொல்லிக்காட்டுவார்கள்.

ஆத்தங்கரை:
இலை நுனிப் பக்கம், காலெல்லாம் முள்ளோடு, வயிற்றின் இரு பக்கமும் சாய்ந்த வெள்ளைக் கோடோடு ஒன்று இருக்கும், பாருங்கள். அதுவும் வலை கட்டாது. அந்துப்பூச்சியைத் தாவிப் பிடிக்கும். ஓநாய்ச் சிலந்தியைப் பார்க்க ராத்திரி டார்ச்சை நெற்றியோரம் பிடித்து வரப்பில் நில்லுங்கள், கண் மினுங்கும்.

வாய்க்கால்மேடு:
அண்ணே, ராத்திரி போய்ப் பார்த்தேன். பனித்துளி என்று நினைத்த பாதி, கண்தான்! காலையில் 10 தூர் தட்டிப் பார்த்ததில் புகையான் நாலு, சிலந்தி ஆறு. வாங்கிய மருந்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால் எடுக்க மாட்டேன் என்கிறார் கடைக்காரர். அது தனிக் கதை.