மறு: ‘குடும்ப உயர்கொழுப்பு நோய்’ – மாற்றுச்சொல் முன்மொழிவு

> ஃபெமிலியல் ஹைப்பர்கொலஸ்டிரோலீமியா என்பதைக் ‘குடும்ப உயர்கொழுப்பு நோய்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிடலாம். எளிமையானது, எவருக்கும் புரியும்.

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

நம் மருத்துவக் கையேட்டில் வரும் இது, மரபணுப் பழுதால் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிகும் நோய். அதற்கு நீங்கள் சொல்லும் பெயர் எளிமையானது என்பதை ஏற்கிறேன். எவருக்கும் புரியும் என்பதுதான் கவலை தருகிறது. ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரித் தவறாகப் புரியும். இளம் வயதிலேயே மகனுக்கு மாரடைப்பு வந்து, வீட்டில் மற்றவர்களும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று மருத்துவர் இந்தப் பெயரை எழுதிக் கொடுத்தால் தாய் என்ன நினைப்பார்? தான் ஊற்றிய எண்ணெயையும் நெய்யையும்தான் நினைப்பார். ‘குடும்பம்’ என்றதும் ஒரே அடுப்பு, ஒரே சமையல். ‘கொழுப்பு’ என்றதும் தின்ற பண்டம். பெயரே குற்றவாளியைச் சுட்டிக்காட்டிவிடுகிறது, அதுவும் தவறான ஆளை.

சொல்லுக்குப் போகுமுன் நோயைப் பார்த்துவிடுவோம். தசைநாண்களில் மஞ்சள் கட்டிகள், இரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிகுதி, இதய நோய் ஆகிய மூன்றும் சில குடும்பங்களில் சேர்ந்தே வருவதை நார்வே மருத்துவர் கார்ல் முல்லர் 1930-களின் இறுதியில் விவரித்தார். ஏன் என்பதற்கு விடை 1970-களில் டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் கிடைத்தது. இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளிழுக்கும் ஏற்பி ஒன்று உயிரணுக்களின் மேற்பரப்பில் இருப்பதை மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் கண்டறிந்தார்கள். இந்த நோயாளிகளிடம் அந்த ஏற்பி குறைவாக இருந்தது, அல்லது இல்லவே இல்லை. 1985-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஏற்பிக்கான மரபணு 19-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுதுபட்ட பிரதி வந்தால் வேலை செய்யும் ஏற்பிகள் ஏறக்குறையப் பாதியாகிவிடும், எல்.டி.எல். பெரும்பாலும் டெசிலிட்டருக்கு 190 மி.கி.யைத் தாண்டும். சுமார் 250 பேரில் ஒருவருக்கு இந்த நிலை. இருவரிடமிருந்தும் வந்தால் அளவு 500-ஐயும் கடக்கக்கூடும். பள்ளிப் பருவத்திலேயே இதயத் தமனிகள் அடைபடலாம்.

இது தின்று வந்த நோய் அன்று என்பதற்கு 1984-இல் பிட்ஸ்பர்க்கில் நடந்ததைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. இருபுறமும் பழுது பெற்றிருந்த ஆறு வயதுச் சிறுமிக்கு இதயத்தோடு கல்லீரலையும் சேர்த்து மாற்றினார்கள். இதயத்தை மட்டும் மாற்றினால் புதிய இதயமும் அடைபட்டுவிடும் என்பதே காரணம். ஏற்பிகள் உள்ள புதிய கல்லீரல் வேலையைத் தொடங்கியதும், 1,000-க்கு மேல் இருந்த கொலஸ்ட்ரால் 300-ஐ ஒட்டி இறங்கியது. கல்லீரல் மாறியது, அளவும் மாறியது.

ஆகவே இங்கே முதன்மையான குறை கொலஸ்ட்ராலின் வரவில் இல்லை, வெளியேற்றத்தில் இருக்கிறது. ஏரிக்கு வழக்கமான நீர்தான் வருகிறது, மதகு பாதி அடைபட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரில் ‘உயர்’, ‘மிகை’ என்று போட்டால் நீர்மட்டத்தைச் சொல்கிறோம், மதகைச் சொல்லவில்லை. அதனால் என் முன்மொழிவு: மரபுவழிக் கொலஸ்ட்ரால் தேக்கம்.

‘மிகை’யைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆய்வகத் தாளில் எண் கூடியிருந்தால் அது ‘கொலஸ்ட்ரால் மிகை’. தைராய்டுக் குறைவாலும் மிகை வரும், சிறுநீரக நோயாலும் வரும். அளவுக்கு ஒரு சொல், நோய்க்கு வேறு சொல் என்று இரண்டும் இருந்தால் மருத்துவர் நோயாளியிடம், “உங்களுக்கு இருப்பது வெறும் மிகையா, தேக்கமா என்று பார்க்க வேண்டும்” என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

‘பரம்பரை’யை ஏன் தவிர்த்தேன் என்று கேட்பீர்கள். பரம்பரைச் சொத்து, பரம்பரைத் தொழில், பரம்பரை வைத்தியர் என்று பழக்கத்தால் வருவதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. ‘பிறவி’ ஓரளவு பொருந்தும். தமனிச் சுவரில் படிவது குழந்தைப் பருவத்திலிருந்தே நடக்கிறது. ஆனால் பிறவிக் குறை என்றதும் நம் ஊரில் முன்வினை வரை பேச்சு போய்விடும். நமக்கு அந்த வம்பு வேண்டாம்.

‘கொழுப்பு’ பற்றிச் சொல்லவே வேண்டாம். ‘அவனுக்குக் கொழுப்பு அதிகம்’ என்பதை மருத்துவமனைக்கு வெளியே எவரும் நோயாக எடுத்துக்கொள்வதில்லை. வேதியியலிலும் கொலஸ்ட்ரால் கொழுப்பு அன்று. அது ஸ்டீரால் என்ற வேறொரு வேதிப்பொருள் வகை. எண்ணெயில் இருப்பதையும் இரத்தத்தில் மிதப்பதையும் ஒரே சொல்லால் அழைத்து, பிறகு ‘கொலஸ்ட்ரால் இல்லாத கடலை எண்ணெய்’ என்ற விளம்பரத்துக்கு ஏமாறுகிறோம். எந்தத் தாவர எண்ணெயிலும் குறிப்பிடத்தக்க அளவில் கொலஸ்ட்ரால் இருந்ததே இல்லை.

> கொலஸ்ட்ராலை அப்படியே வைத்துக்கொண்டால் கலைச்சொல் ஆக்கம் எதற்கு? கிரேக்க மூலத்தில் ‘கோலே’ என்றால் பித்தம். ‘பித்தத்திண்மம்’ என்று துணிந்து வைக்கலாமே?

பித்தப்பைக் கற்களில் கிடைத்ததால் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரோல் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பெயரை வைத்தார். பொருள் கண்டெடுக்கப்பட்ட இடத்தை நாமும் சுமக்க வேண்டுமா? ‘பித்தம்’ என்று தாளில் பார்த்த மறுநாளே நோயாளி மாத்திரையை நிறுத்திவிட்டு இஞ்சிச் சாற்றில் இறங்கிவிடுவார். வாதம், பித்தம், கபம் என்ற கணக்கில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே உறுதியான வேலை இருக்கிறது. கொலஸ்ட்ரால் மளிகைக் கடைக்காரர் வரை போய்ச் சேர்ந்துவிட்ட சொல். அதை விட்டுவிடுவோம்.

> நான் மருத்துவன் என்ற முறையில் ஓர் அச்சம். ‘மரபுவழி’ என்று அழுத்திச் சொன்னால், எல்லாம் விதி, எதைத் தின்றாலும் ஒன்றுதான் என்று நோயாளி முடிவு கட்டிவிடுவார். உணவுக்கு இடம் எங்கே?

டாக்டர் ஐயா, இந்த இழையிலேயே கனமான கேள்வி இது. என் விடை: உணவுக்கான இடமும் ‘தேக்கம்’ என்ற சொல்லுக்குள்தான் இருக்கிறது.

நிறைவுற்ற கொழுப்பு எல்.டி.எல்.லை உயர்த்தும் முக்கியமான வழி எது? கல்லீரலில் ஏற்பிகளின் செயல்பாட்டைக் குறைப்பது. மரபணு எந்த வாயிலில் கெடுக்கிறதோ, அதே வாயிலில்தான் உணவும் கை வைக்கிறது. முட்டையிலும் இறைச்சியிலும் உள்ள கொலஸ்ட்ரால் பெரும்பாலானவர்களுக்குச் சிறிய அளவிலேயே மாற்றம் செய்கிறது. நம் உடலில் உள்ளதில் பெரும்பகுதியை உடலே உற்பத்தி செய்துகொள்கிறது. ஆனால் தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு. ரேஷன் கடைப் பாமாயிலில் 40-க்கு மேல். நல்லெண்ணெயில் 15-ஐ ஒட்டி. ஏற்பிகள் முழுமையாக உள்ளவர் தாங்கிக்கொள்ளும் பலகாரத்தைப் பாதி ஏற்பி உள்ளவர் தாங்குவது கடினம்.

கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரப்படும் ஸ்டாட்டின் மருந்தும் இங்கேயே வருகிறது. அது கல்லீரலின் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைக்கிறது. கல்லீரல் தன் உற்பத்தி குறைந்ததும் இரத்தத்திலிருந்து எடுக்க ஏற்பிகளைக் கூட்டுகிறது. ஏற்பியே உருவாகாத குழந்தைகளுக்கு ஸ்டாட்டினால் பயன் மிகக் குறைவாக இருப்பதும் இதனால்தான். 2003-இல் இந்நோயோடு தொடர்புபடுத்தப்பட்ட பி.சி.எஸ்.கே.9 மரபணுவின் வேலை, ஏற்பிகளை அழிவுக்கு அனுப்புவது. அது மிகையாக உழைத்தால் தேக்கம். பிறப்பிலேயே அது முடங்கியிருப்பவர்களை டாலசில் ஹெலன் ஹாப்ஸும் ஜோனதன் கோஹனும் ஆராய்ந்தார்கள். 2006-இல் வெளியான அவர்களின் ஆய்வில், அத்தகைய கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்.டி.எல். 28 விழுக்காடு குறைந்திருந்தது, இதயத் தமனி நோய் வாய்ப்போ 88 விழுக்காடு குறைந்திருந்தது. வாழ்நாள் முழுவதும் தேங்காமல் இருந்ததன் பலன் அது. ‘மிகை’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை விளக்கிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

விதி என்ற பேச்சுக்கு 2016-இல் வந்த ஆய்வு ஒன்றைக் காட்டலாம். அது இந்த ஒற்றை மரபணு நோயைப் பற்றியது அன்று, பல மரபணுக்களின் கூட்டு விளைவைப் பற்றியது. 55,000-க்கு மேற்பட்டவர்களில் மரபணு இடர் மிகுந்த பிரிவை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். புகைக்காமல், உடல் பருக்காமல், உடற்பயிற்சியும் நல்ல உணவுமாக இருந்தவர்களுக்கு, அப்படி இல்லாதவர்களைவிட இதய நோய் இடர் 46 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆனால் நம் நோயாளிகளுக்கு உணவு மட்டும் போதாது, மருந்து கட்டாயம் என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போட வேண்டும். பத்தியம் இருந்தால் மாத்திரை வேண்டாம் என்று யாரேனும் படித்துவிட்டால், நாம் வைத்த பெயர் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

துணைச்சொற்கள் இரண்டு. ஒரு பெற்றோரிடமிருந்து வந்ததை ‘ஒருவழித் தேக்கம்’ என்றும், இருவரிடமிருந்தும் வந்ததை ‘இருவழித் தேக்கம்’ என்றும் சொல்லலாம். தாய்வழி, தந்தைவழி என்று நாம் உறவு சொல்வதோடு இது பொருந்துகிறது. அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் ஒரே பழுது இரு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே இருவழி என்ற சொல் தமிழ்நாட்டுக் கையேட்டில் அடிக்கடி தேவைப்படும்.

‘தேக்கம்’ தமனிச் சுவரில் அடைவதைக் குறிப்பதாக எடுத்துக்கொள்ளப்படலாம் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குப் ‘படிவு’ இருக்கிறது: இரத்தத்தில் தேக்கம், சுவரில் படிவு.

இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும், எல்.டி.எல். போன்ற இன்னொரு துகளான லிப்போபுரோட்டீன் (ஏ) பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1963-இல் நார்வேயின் கோரே பெர்க் கண்டறிந்த அந்தத் துகளின் அளவைப் பெரும்பாலும் மரபணுவே தீர்மானிக்கிறது. உணவாலும் ஸ்டாட்டினாலும் அது குறிப்பிடத்தக்க அளவில் இறங்குவதில்லை. தேக்கம் என்ற விளக்கம் அதற்குப் பொருந்தாது, எனவே இந்தச் சொல்லை அங்கே நீட்ட வேண்டாம். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். இதற்கான மறுப்புகளை இங்கேயே எழுதுங்கள்.

அன்புடன்,
கையேட்டு மொழிபெயர்ப்பாளர்