பற்றுவார்ப்பு: 'லேமினேட்' என்பதற்கு என் பரிந்துரை

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

தூண்டில் கையேட்டின் மூன்றாம் இயலில் 'லேமினேட்' என்ற சொல் பதினோர் இடங்களில் வருவதாகவும், வெள்ளிக்கிழமைக்குள் ஒரு முடிவு வேண்டும் என்றும் தொகுப்பாளர் அம்மையார் எழுதியிருந்தார். மீனை ஏமாற்ற வார்க்கும் செயற்கை இரையில், அதாவது பொய்யிரையில், இரண்டோ அதற்கு மேலோ நிறங்களை ஓர் உடலாக ஒட்டும்படி வார்ப்பதே 'லேமினேட்'. அதற்குத் தமிழில் இதுவரை வந்த சொற்கள் மூன்று: அடுக்குவார்ப்பு, படலவார்ப்பு, பல்வண்ணவார்ப்பு. மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இந்த வேலையை நானே செய்து பார்த்தவன் என்பதால், வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

பழக்கமில்லாத அன்பர்களுக்காகச் சிறு விளக்கம். பொய்யிரை வார்க்க உதவும் நீர்மத்துக்குப் பிளாஸ்டிசால் என்று பெயர். நெகிழ்வூட்டும் எண்ணெய் ஒன்றில் பி.வி.சி. துகள்கள் மிதக்கும் கலவை அது, பார்வைக்குப் பால்தான். ரப்பர் மரத்தில் வடிவதை ரப்பர் பால் என்கிறோமே, அதுபோல இதை நெகிழிப்பால் என்று சொல்லலாம் என்பது என் எண்ணம். சூடேற்றினால் முதலில் கூழாகத் தடிக்கும். ஏறத்தாழ 175 டிகிரி செல்சியஸில் தெளிந்து இளகும். அப்போது நிறம் கலந்து அச்சில் வார்த்து ஆறவிட்டால், ரப்பர்போலத் துவளும் மீன் கிடைக்கும். 200 டிகிரியைத் தாண்டினால் தீய்ந்து மஞ்சளாகி, மூச்சுக்குழலை அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடத் தொடங்கும். சமையலறையில் செய்யக்கூடாது, இதற்குப் பயன்படுத்திய பாத்திரத்தில் பிறகு சமைக்கக்கூடாது என்ற இரண்டையும் கையேட்டின் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போடுங்கள் என்று மீண்டும் வேண்டுகிறேன். கலைச்சொல்லைவிட அது முக்கியம்.

ஒரே நிறத்தில் வார்ப்பது எளிது. ஆனால் பழவேற்காட்டிலும் முட்டுக்காட்டிலும் கொடுவா மீன் துரத்துகிற மடவை மீனைப் பாருங்கள். முதுகு சாம்பல் படர்ந்த பச்சை; வயிறு வெள்ளி. மேலே இருந்து பார்த்தால் இருண்ட நீரோடும், கீழே இருந்து பார்த்தால் வெளிச்சமான வானத்தோடும் கலந்துவிடும் உடல் அது. அதைப்போல ஒன்றைச் செய்வதென்றால் இரண்டு நிறங்கள் ஓர் உடலில் சேர்ந்தாக வேண்டும்.

சென்ற ஐப்பசியில் முதல்முறை முயன்றேன். அச்சின் அடியில் வயிற்றுக்கான வெள்ளையை வார்த்துவிட்டுப் பச்சையைக் காய்ச்சத் தொடங்கினேன். பச்சை காய்ந்து முடிவதற்குள் வெள்ளை முழுதும் ஆறிவிட்டது. அதன்மேல் பச்சையை வார்த்தேன். அச்சிலிருந்து எடுத்தபோது கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. முள்ளில் கோத்து வாலைப் பிடித்து இழுத்ததும், வாழைப்பட்டை உரிவதுபோலப் பச்சை தனியே வெள்ளை தனியே உரிந்தது. ஒன்பது மீன்களும் அப்படியே. மறுநாள் இரண்டு நிறங்களையும் சேர்த்தே காய்ச்சி வைத்துக்கொண்டேன். வெள்ளையின் மேல் ஆடை படிந்த உடனே, உள்ளே சூடு இருக்கும்போதே, கொதிசூட்டில் பச்சையை வார்த்தேன். இந்த முறை இழுத்தபோது வால் அறுந்தது, நிறங்கள் பிரியவில்லை.

இதனால்தான் 'அடுக்கு' என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. அடுக்குப் பாத்திரத்தை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கலாம். அடுக்கியதைக் கலைக்கலாம். நம் இலக்கணமும் இதையே சொல்கிறது. 'பாம்பு பாம்பு' என்பது அடுக்குத்தொடர். பிரித்தாலும் ஒவ்வொன்றும் பாம்புதான். 'சலசல' என்பது இரட்டைக்கிளவி. பிரித்தால் பொருள் இல்லை. 'இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா' என்று தொல்காப்பியம் வரையறுத்த வேறுபாடு இது. பிரியாமல் இருப்பதே உயிராக உள்ள ஒரு பொருளுக்கு, பிரியக்கூடியதைக் குறிக்கும் சொல்லை வைக்கலாமா? இரட்டைவார்ப்பு என்று மாற்றலாம் என்றால், மூன்று நிறம் வார்க்கும்போது அது பொருந்தாது.

படலம் என்றால் மெல்லிய மேல்தோல். அடையாள அட்டையின் மேல் ஒட்டும் தாளுக்கு அது சரி. இங்கே ஒவ்வொரு நிறமும் உடலில் பாதி. பல்வண்ணவார்ப்பு என்றால், ஜிகினா தூவியதும் நிறங்களைச் சுழியவிட்டு வார்த்ததும்கூட அதில் அடங்கிவிடும். இந்த முறையை மட்டும் பிரித்துக் காட்டாது.

என் பரிந்துரை பற்றுவார்ப்பு.

பற்று என்ற வினையில் பிடிப்பும் சூடும் சேர்ந்தே இருக்கின்றன. தீ பற்றுகிறது, விளக்கைப் பற்றவைக்கிறோம், பட்டறையில் இரும்போடு இரும்பைப் பற்றவைக்கிறார்கள், உலோகத்தை இணைக்க உருக்கி வைக்கும் பொடிக்குப் பற்றாசு என்று பெயர். தலைவலிக்குச் சுக்கை உரைத்துச் சூடுகாட்டி நெற்றியில் இடுவதும் பற்றுத்தான். வெதுவெதுப்பாக இட்டு, ஒட்டிக்கொள்ளும் ஒரு பூச்சு. இதைவிட நெருங்கிய உறவுள்ள சொல் எனக்குக் கிடைக்கவில்லை. வார்ப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தோசையையும் ஐம்பொன் சிலையையும் ஒரே வினையால் வார்க்கிற மொழி நம்முடையது. 1949இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் மென்னெகிழிப் புழுவை உருவாக்கியபோதும் அது வீட்டில் காய்ச்சிப் பார்த்த பண்டமாகவே பிறந்தது. வீட்டுச் சொற்கள் இதற்கு அந்நியமல்ல.

இலக்கணத்திலும் சிக்கல் இல்லை. ஊறுகாய்போல இது வினைத்தொகை: பற்றிய, பற்றுகின்ற, பற்றும் வார்ப்பு. ஒற்று மிகுமா என்ற கேள்வியும் எழாது. வினையாகவும் ஆளலாம்: 'பச்சையைப் பற்ற வார்க்கவும்.' பிழையையும் அதே வேரால் சொல்லலாம்: 'பற்று விட்டுவிட்டது.' ஒரு சொல்லிலிருந்து வினையும் குறையும் தாமாகக் கிளைப்பதுதான் எனக்குப் பெரிய நிறைவு.

கோவை நண்பர் 'பற்று வரவு' குழப்பும் என்றார். கணக்கேட்டின் பற்றையும் தமிழ்ப்பற்றையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. பக்கத்தில் வார்ப்பு நிற்கும்போது இதையும் குழப்பமாட்டார்கள். இரண்டு ஊசிகளை ஒரே துளையில் இணைத்து இரு நிறங்களையும் ஒரே நேரத்தில் செலுத்தும் முறைக்கு இது பொருந்துமா என்றும் கேட்டிருந்தார். பொருந்தும். அங்கேயும் சூடான இரு பாகங்கள் ஒன்றையொன்று பற்றுகின்றன. வேண்டுமானால் ஊசிப் பற்றுவார்ப்பு என்று முன்னடை சேர்க்கலாம்.

தஞ்சை ஐயா 'பொய்யிரை'யை விட்டுவிட்டுப் 'பார்வை' என்ற பழஞ்சொல்லை மீட்கலாம் என்றார். அழகான சொல்தான். ஆனால் பார்வை மான் என்பது வேடர் பழக்கி நிறுத்தி, தன் இனத்தைத் தானே ஈர்க்கும் உயிருள்ள மான். நாம் வார்ப்பது பசியை ஏமாற்றும் உணவு. 'தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று' என்ற குறளில் இரை மெய். அதற்குள் மறைந்த 'பொன்', அதாவது இரும்பு முள்தான், வஞ்சகம். இங்கே இரையே பொய். பொய்க்கால் குதிரை ஆடும் ஊரில் பொய்யிரைக்கு விளக்கம் தேவைப்படாது. போலி இரை என்றால் கடைக்காரர் ஏமாற்றி விற்றது என்று தோன்றும்.

மற்ற சிலவற்றுக்குப் புதுச்சொல் வேண்டாம். மினுக்குப் பொடி ஜிகினாவாகவே இருக்கட்டும். சிவப்பு இரையையும் வெள்ளை இரையையும் ஒரே பெட்டியில் வைத்தால் வெள்ளை இளஞ்சிவப்பாகிவிடும். அதற்கு 'சாயம் ஏறுதல்' போதும். துணி துவைக்கும் எவருக்கும் புரியும்.

பதினோர் இடங்களில் முதலாவதை மட்டும் மாற்றி எழுதி அனுப்புகிறேன். மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் தெரிவியுங்கள்:

'வயிற்று நிறத்தின் மேல் ஆடை படிந்ததும், அது ஆறிவிடுவதற்கு முன், முதுகு நிறத்தைக் கொதிசூட்டில் பற்ற வார்க்கவும். முழுதும் ஆறியபின் எடுத்து வாலை இழுத்துப் பார்க்கவும். நிறங்கள் பிரிந்தால் பற்று விட்டிருக்கிறது. இரு நிறங்களையும் கலக்காமல் தனித்தனியே எடுத்துவைத்து மீண்டும் காய்ச்சலாம்.'