ஜோங்காவுக்கு டீசல் இன்ஜின் மாத்தலாமா, வேணாமா?

மலைரோடு: ஆர்மி ஏலத்துல கழிச்ச ஜோங்கா ஜீப் ஒண்ணு கைமாறி எங்கிட்ட வந்திருக்கு. பெட்ரோல தண்ணியா குடிக்குது. மெக்கானிக் டீசல் இன்ஜின் போட்டுடலாம்ங்கிறார், என்ன சொல்றீங்க?

பழைய ஸ்பேனர்: தம்பி, அத மட்டும் பண்ணாதீங்க. நிசான் பேட்ரோல் 60 மாடல வச்சு 1969ல இருந்து 1999 வரைக்கும் ஜபல்பூர்ல பண்ண வண்டி அது, அந்த ஆறு சிலிண்டர் 3956 சிசி இன்ஜின எடுத்துட்டா அப்புறம் அதுல என்ன ஜோங்கா இருக்கு?

கோவை டீசல்: அண்ணே, அவர் ஓட்டத்தானே வாங்கியிருக்கார். அந்தப் பழைய பெட்ரோல் இன்ஜினோட டிஸ்ட்ரிபியூட்டர் கேப்புக்கும் கார்புரேட்டர் கிட்டுக்கும் ஊர் ஊரா அலையணும், போதாக்குறைக்கு இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக்கால ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் எல்லாம் ஊறி விட்டுடும்.

பழைய ஸ்பேனர்: ஹோஸும் டயாஃப்ரமும் எத்தனால் தாங்குற ரப்பர்ல போட்டுட்டா அந்தப் பிரச்சனை முடிஞ்சுது, அதுக்காக இன்ஜினையே தூக்குவாங்களா? டீசல் மாத்தின வண்டி ஒண்ண பிரிச்சுப் பாத்தேன். புது இன்ஜினையும் பழைய கியர்பாக்ஸையும் சேக்குற அடாப்டர் பிளேட்டு சென்டர் லேசா விலகியிருக்கு, அவ்ளோதான், கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங் தேஞ்சு உதிர்ந்து கியர் ஆயில் முழுக்க வெள்ளி பெயிண்ட் மாதிரி மினுமினுன்னு இருந்துச்சு. அதுபோக கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரிலயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. 2021ல வந்த வின்டேஜ் ரூல்படி 50 வருஷம் தாண்டின வண்டிக்கு தனி ரிஜிஸ்ட்ரேஷன் உண்டு, ஆனா இன்ஜின்லயோ சேஸிஸ்லயோ கை வச்சிருந்தா கிடையாது.

கோவை டீசல்: பேப்பர் விஷயத்துல நீங்க சொல்றது சரிண்ணே, ஒத்துக்கறேன். ஆனா எஸ்டேட்டுக்குள்ள மட்டும் லோடு அடிக்கிறவனுக்கு வின்டேஜ் நம்பர் எதுக்கு? டெய்லி ஓடுற வண்டிக்கு நான் இன்னமும் டீசல்தான் சொல்வேன், அந்த அடாப்டர் பிளேட்ட நல்ல லேத்ல டயல் கேஜ் வச்சு சென்டர் பாத்து கடையச் சொல்லணும், அவ்ளோதான்.

ஜீப்_மீனா: ரெண்டு பேரும் இன்ஜின்லயே நிக்கிறீங்க, அவர் வண்டி மலையில இறங்கணும் சார்! நாலு வீல்லயும் டிரம் பிரேக், ஆர்மி டிப்போல சும்மா நின்ன வண்டின்னா வீல் சிலிண்டர் உள்ள துரு புடிச்சு இறுகியிருக்கும். முதல்ல டிரம்ம கழட்டுங்க. முன் ஆக்சில் நக்கிள் பந்துலயும், அதான் முன்வீல் திரும்புற இடத்துல இருக்கிற இரும்பு உருண்டை, கைய வச்சு தடவிப் பாருங்க, துரு குழி இருந்தா எத்தன புது சீல் போட்டாலும் அறுத்துடும், ஆயில் ஒழுகி நேரா பிரேக் லைனிங்குக்குப் போகும்.

மலைரோடு: இடது பக்க முன்வீல் உள்ள ஆயில் கசிவு இருக்குக்கா.

ஜீப்_மீனா: அப்ப ரோட்டுக்கே எடுக்காதீங்க தம்பி. கழட்டிட்டு பந்து போட்டோ போடுங்க.