'ஓய்வுநாள் விளிம்பு' சரிதானா? ஒரு கலைச்சொல் விவாதம்

ஓசூர்:

பல ஊர்களிலிருந்து எழுதும் மொழிபெயர்ப்புக் குழுவினருக்கு வணக்கம். சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கும் அட்வென்டிஸ்ட் சபைகளுக்கான ஓய்வுநாள் நேர அட்டவணையும், அதோடு போகும் நான்கு பக்க விளக்கமும் தமிழில் வர வேண்டும். தெற்காசியக் கோட்டத் தலைமையகமே நம் ஓசூரில் இருக்கிறது. ஆனாலும் சில சொற்களுக்குத் தமிழில் பிடி கிடைக்கவில்லை. ஓய்வுநாள் தொடங்கும், முடியும் நேரங்களைச் சொல்லும் 'எட்ஜஸ் ஆஃப் த சாபத்' என்பதற்கு 'ஓய்வுநாள் விளிம்பு', பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகளை ஆசரிப்பதாகிய 'ஃபீஸ்ட் கீப்பிங்' என்பதற்கு 'பண்டிகை கைக்கொள்ளல்', பிறையை வைத்து ஓய்வுநாளை எண்ணும் 'லூனார் சாபத்' என்பதற்கு 'சந்திர ஓய்வுநாள்' என்று போட்டு வைத்திருக்கிறேன். அடித்துத் திருத்துங்கள்.

கிருஷ்ணகிரி:

ஐயா, விளிம்பு வேண்டாம். தட்டுக்கும் கிணற்றுக்கும் விளிம்பு உண்டு, பொழுதுக்குக் கிடையாது. 'எல்லை' என்றாலும் நிலத்தைத்தான் நினைப்பார்கள். 'சந்தி' நல்ல பழஞ்சொல். ஆனால் சந்தியாவந்தனம் நினைவுக்கு வரும், சபையில் எடுபடாது.

நம் வேதாகமத்திலேயே வழி இருக்கிறது. கொலோசெயர் 2:16-இல் அமாவாசை கழிந்து வரும் புதுமாதத்தை 'மாதப்பிறப்பு' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். 'ஆடி பிறந்தது', 'தை பிறந்தது' என்று ஊரே பேசுகிறது. அதே தடத்தில் தொடக்க நொடிக்கு 'ஓய்வுநாள் பிறப்பு', முடியும் நொடிக்கு 'ஓய்வுநாள் நிறைவு' என்று வைக்கலாம். இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'பிறப்பும் நிறைவும்' போதும்.

தருமபுரி:

பிறப்பு எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு சிக்கல். விளக்கத் தாளில் 'ஓய்வுநாளின் பிறப்பு' என்று எழுதினால் ஆதியாகமம் 2-இல் ஓய்வுநாள் எப்படி உண்டானது என்ற உபதேசத்தைச் சொல்கிறோம் என்று படிப்பார்கள். உருபு சேர்க்காமல் ஒரே சொல்லாக 'ஓய்வுபிறப்பு' என்று எழுதுவோம். உண்டானதைச் சொல்ல 'தோற்றம்' இருக்கிறது.

எந்த நொடியைப் பிறப்பு என்கிறோம் என்று தாளிலேயே வரையறுத்துவிட வேண்டும். இதில் அட்வென்டிஸ்டுகளுக்குள்ளேயே பழைய வழக்கு உண்டு. சபை முன்னோடிகளில் ஒருவரும் கப்பல் தலைவராயிருந்தவருமான ஜோசப் பேட்ஸ், கோடை குளிர் எதுவானாலும் மாலை ஆறு மணிக்கே ஓய்வுநாள் தொடங்கும் என்றார். பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகவே இருக்கும் பூமத்திய ரேகையின் கணக்கு அது. சபையில் பெரும்பாலோர் சுமார் பத்து ஆண்டு அப்படியே ஆசரித்தார்கள். மத்தேயு 28:1-இல் 'விடிந்துவருகையில்' என்றிருப்பதைப் பிடித்துக்கொண்டு சூரியோதயம் என்றவர்களும் இருந்தார்கள். சபையின் இன்னொரு முன்னோடி ஜேம்ஸ் வைட் கேட்டதால் ஊழியர் ஜே. என். ஆண்ட்ரூஸ் வசனங்களை ஆராய்ந்தார். 1855 நவம்பரில் அமெரிக்காவின் பேட்டில் கிரீக் மாநாட்டில் அது வாசிக்கப்பட்டு, அஸ்தமனம் என்று முடிவானது. லேவியராகமம் 23:32 சாயங்காலம் முதல் சாயங்காலம் மட்டும் என்கிறது. அந்தச் சாயங்காலம் எது என்பதை மாற்கு 1:32 'சூரியன் அஸ்தமித்தபோது' என்று திறந்து சொல்கிறது. பேட்ஸும், ஜேம்ஸ் வைட்டின் மனைவி எலன் வைட்டும் முதலில் ஆறு மணிப் பக்கமே நின்றார்கள், பிறகுதான் ஒத்துப்போனார்கள்.

நம் பக்கத்தில் இது செத்துப்போன வழக்கு என்று நினைக்கக் காரணம் நாம் ரேகைக்குக் கிட்டே இருப்பதுதான். ஓசூரில் அஸ்தமனம் ஜூலை தொடக்கத்தில் மாலை 6.50-ஐ ஒட்டியும், நவம்பர் நடுவில் 5.50-ஐ ஒட்டியும் வருகிறது. ஆண்டு முழுவதற்கும் ஒரு மணி நேர ஆட்டம்தான். அதனால் 'வெள்ளி ஆறு மணி' என்று நோட்டீசில் போட்டுவிடுகிறார்கள். ஜூலையில் ஐம்பது நிமிடம் முந்துகிறது, பரவாயில்லை. நவம்பரில் பத்து நிமிடம் பிந்துகிறது, அது தவறு. பேட்ஸ் சொன்ன ஆறு அந்தந்த ஊரின் சூரிய நேரம். நம் கைக்கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகையின் நேரம். கிருஷ்ணகிரியின் சூரிய நேரம் அதைவிடச் சராசரி பதினேழு நிமிடம் பின்தங்கியது.

பெரிய பிழை நாட்காட்டியில் நடக்கிறது. அதில் இருப்பது சென்னை அஸ்தமனமாயிருந்தால் ஓசூருக்கு ஏறக்குறைய பத்து நிமிடம் முந்தும். வெள்ளியன்று முன்கூட்டியே கடையை அடைப்பதில் கெடுதல் இல்லை. சனி மாலை அதே தாளைப் பார்த்தால் ஓய்வு நிறைவுக்குப் பத்து நிமிடம் முன்பே ஷட்டர் ஏறிவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் மூன்றுக்கும் இடையே வித்தியாசம் ஒன்றிரண்டு நிமிடம்தான். மாவட்டத்துக்கு ஒரு தாள் போதும், சென்னைத் தாள் ஆகாது.

கிருஷ்ணகிரி:

மலையையும் குறிக்க வேண்டும். மேற்கே மலை நிற்கும் ஊரில் சூரியன் சீக்கிரம் மறையும். அடிவானத்திலிருந்து மூன்று பாகை உயர மலை என்றால் பன்னிரண்டு நிமிடம் முந்தும். 'மலைக்குப் பின்னால் போய்விட்டது, நிறைவு ஜெபம் பண்ணுவோம்' என்பது சரியல்ல. சமதள அடிவானத்தில் சூரியனின் மேல் ஓரம் மறையும் நேரமே கணக்கு. அதற்குப் பின் இருபது நிமிடத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கும், அதையும் சேர்க்கக் கூடாது. ஆகவே வரையறையில் 'பொழுதுசாயும் நேரம்' என்று விடாமல் 'சூரிய அஸ்தமனம்' என்றே போடுங்கள். நம் ஊர்ப் பேச்சில் பொழுதுசாய என்பது நாலரை மணியிலேயே தொடங்கிவிடும்.

இன்னொன்று: அறிவிப்பில் 'சனி இரவு கூட்டம்' என்று எழுதாதீர்கள். வேதக் கணக்கில் சனிக்கு முந்தின இரவுதான் சனியின் இரவு. வெளியூர்க்காரர் நாள் மாறி வருவார். 'சனி, நிறைவுக்குப் பின்' என்று போட்டால் தகராறில்லை.

தேன்கனிக்கோட்டை:

'சந்திர ஓய்வுநாள்' என்றால் திங்கட்கிழமை ஓய்வு என்று நினைப்பார்கள், சோமவாரம் பக்கத்து வீட்டில்தானே இருக்கிறது! 'பிறைக்கணக்கு ஓய்வுநாள்' என்று வைக்கலாம். கொள்கையின் எந்திரமும் அதில் தெரிகிறது. பிறை தெரிந்த நாள் ஒன்று, அப்புறம் 8, 15, 22, 29 ஓய்வு. மாதம் 29 நாளானால் அடுத்த ஓய்வுக்கு எட்டு நாள், 30 ஆனால் ஒன்பது நாள். ஏழு நாள் சங்கிலி மாதாமாதம் அறுகிறது. சனியில் நிற்காமல் எல்லாக் கிழமைக்கும் ஓடும். திருச்சபை இதை மறுப்பதற்கு அந்த அறுப்பே போதும்.

பாலக்கோடு:

பண்டிகைச் சொல்லுக்கு வருகிறேன், அண்ணா. 'கைக்கொள்ளல்' எல்லாரையும் ஒரே கூடையில் போடுகிறது. கூடாரப்பண்டிகைக் காலத்தில் குடும்பமாகக் கூடி லேவியராகமம் 23 வாசிப்பவர் வேறு. அதில் நித்திய கட்டளை என்றிருக்கிறது, ஆசரிக்காவிட்டால் பாவம் என்பவர் வேறு. முன்னதைச் சபை தண்டிப்பதில்லை, பின்னதைத்தான் போதனையாக ஏற்பதில்லை. பஸ்கா முதலானவை பலியோடு சேர்ந்து கிறிஸ்துவை முன்குறித்த நிழல்கள், வார ஓய்வோ சிருஷ்டிப்பில் வந்தது என்பது சபையின் பதில். விருத்தசேதனமும் நித்தியம் என்றே சொல்லப்பட்டது என்பார்கள் சபையார். லேவியராகமம் 23:38 கர்த்தருடைய ஓய்வுநாட்களைத் தனியே நிறுத்துவதையும் காட்டுவார்கள்.

எனவே பழக்கத்துக்கு 'பண்டிகை ஆசரிப்பு', போதனைக்கு 'பண்டிகைக் கடப்பாடு'. ஏழு பண்டிகை ஓய்வுகளுக்கு 'ஆண்டு ஓய்வுநாள்', சனிக்கு 'வார ஓய்வுநாள்'. தமிழ் வேதாகமத்தில் இரண்டும் 'ஓய்வு'தான் என்பதால் முன்னொட்டு இல்லாமல் விவாதமே குழம்பும்.

கடப்பாடு பேசுகிறவர்களும் ஒரே தேதியில் நிற்பதில்லை. முன்கூட்டியே கணித்து வைத்த யூதரின் நிலைக்கணக்கு ஒரு பக்கம், எருசலேமில் பிறை காணல் ஒரு பக்கம், வாற்கோதுமை முற்றியதா என்று பார்த்து ஆண்டைத் தொடங்குவது இன்னொரு பக்கம். கடைசியது ஒரு மாதமே தள்ளிவிடும். சபையின் சொந்தச் சரித்திரத்திலும் இது உண்டு: கிறிஸ்து வருவார் என்று சபையின் முன்னோர் காத்திருந்த 1844 அக்டோபர் 22 வந்தது, வேத எழுத்தை மட்டும் ஏற்கும் யூதப் பிரிவான கராயீத்தரின் கணக்கில். யூத ஆசிரியர்களான ரபீக்களின் கணக்கில் அந்த ஆண்டுப் பாவநிவாரண நாள் செப்டம்பர் 23. நம் தமிழ் நாட்டில் 1857-இல் பிரகாசபுரத்தில் சட்டம்பிள்ளை தொடங்கிய 'இந்து சபை' என்ற கிறிஸ்தவ சபை சனிக்கிழமையை ஆசரித்து யூத முறைகளையும் எடுத்துக்கொண்டது. அட்வென்டிஸ்ட் ஊழியர் இங்கே வருவதற்கு முந்தின கதை. ஆகவே 'பண்டிகைக்காரர்' என்ற ஏளனப் பெயரைத் தாளில் சேர்க்க வேண்டாம்.

ஓசூர்:

விளிம்பை எடுத்துவிட்டேன். தலைப்பு வரிசை: தேதி, ஓய்வுபிறப்பு (வெள்ளி), ஓய்வுநிறைவு (சனி). அடியில் சமதள அஸ்தமனம், ஓசூர் நேரம், தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இரண்டு நிமிடம் வரை முந்தும் என்ற குறிப்பு. நிறைவுக்கு மூன்று ஊருக்கும் ஓசூர் நேரத்தையே வைத்தால் யாரும் முந்திப் போக மாட்டார்கள். பிறப்புக்கு மட்டும் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் இரண்டு நிமிடம் குறைத்துக்கொள்ளச் சொல்கிறேன். 'கடப்பாடு' சிலருக்குக் கடினமாக இருக்கலாம், 'கட்டாயம்' என்று அடைப்பில் ஒரு முறை போட்டுவிடுகிறேன். வேறு யோசனை இருந்தால் வியாழனுக்குள் எழுதுங்கள், அச்சகத்துக்குப் போகிறது.